பழகிய சொல், பழைய பொருள்: மலாயா வரலாற்றில் சில ஆங்கிலச் சொற்கள்

‘காம்பவுண்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் யாது என்று ஒரு வகுப்பில் வினவினால் ஒரே விடை கிடைப்பதில்லை. வேதியியல் பயிலும் மாணவர் ‘சேர்மம்’ என்பார். கணிதத்தில் நாட்டமுடையவர் கூட்டு வட்டியைச் சொல்வார். மற்றொருவர் வீட்டைச் சுற்றியுள்ள மதிலைச் சுட்டி ‘காம்பவுண்டுச் சுவர்’ என்பார். வாகனத்தைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்காகத் தந்தையாருக்கு வந்த அபராதச் சீட்டு நான்காமவருக்கு நினைவில் எழும். நால்வர் கூற்றும் சரியே.

ஆயினும் அந்நான்கும் ஒரே சொல்லின் கிளைகள் அல்ல. சேர்மமும் கூட்டு வட்டியும் ‘சேர்த்து வைத்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினின்று வந்தவை. வழக்கை மன்றத்திற்குக் கொண்டுசெல்லாமல் பணம் செலுத்தி இசைந்து தீர்த்துக்கொள்ளுதல் என்ற சட்டப் பொருளும் அவ்வேரைச் சார்ந்ததே. மதில் சூழ்ந்த இடம் என்ற பொருளுக்கு மட்டும் வேறொரு பிறப்பு உண்டு. 1886ஆம் ஆண்டில் யூலும் பர்னெலும் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, மலாய் மொழியின் ‘கம்போங்’ என்ற சொல்லே அதற்கு மூலம் என்ற கருத்தை எடுத்துரைக்கிறது. பின்வந்த அகராதியாளர் பலரும் அக்கருத்தை ஏற்றனர். நம் மண்ணின் சிற்றூரைக் குறித்த சொல் ஐரோப்பிய வணிகரின் நாவில் ஏறி, இந்தியாவில் வீட்டு வளாகமாகி, தமிழில் மதிலாகி, மீண்டும் நம்மிடமே வந்து சேர்ந்திருக்கிறது!

இதனைச் சொல் விளையாட்டாகக் கருதி விட்டுவிடலாம். ஆனால் வரலாற்று ஆவணங்களைப் படிக்கும்போது இது விளையாட்டாக இருப்பதில்லை. நாம் அறியாத சொல் நம்மை ஏமாற்றாது. அதற்கு அகராதியைப் புரட்டுகிறோம். நன்கு அறிந்த சொல்லே ஏமாற்றுகிறது. அதன் பொருள் தெரியும் என்ற எண்ணத்தில் கடந்து போகிறோம். மலாயா, சிங்கப்பூர் வரலாற்றைக் கற்பிப்போரும் கற்போரும் அடிக்கடி எதிர்கொள்ளும் அத்தகைய சில சொற்களை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தொழிற்சாலை அல்லாத ‘ஃபேக்டரி’

1819ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் ராஃபிள்ஸ், தெமெங்கோங் அப்துர் ரஹ்மானுடன் ஒரு முன்னுடன்படிக்கை செய்துகொண்டார். பிப்ரவரி 6ஆம் நாள் சுல்தான் ஹுசைனும் தெமெங்கோங்கும் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அதன்படி, சிங்கப்பூரில் ஒரு ‘ஃபேக்டரி’யை நிறுவிக்கொள்ளக் கம்பெனி அனுமதி பெற்றது. சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளியும் தெமெங்கோங்கிற்கு 3,000 ஸ்பானிய வெள்ளியும் வழங்க உடன்பாடாயிற்று.

இன்றைய மாணவர் ‘ஃபேக்டரி’ என்றவுடன் புகைபோக்கியையும் இயந்திரங்களையும் நினைப்பார். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அப்போது அத்தகைய ஒன்றும் இல்லை. அக்காலத்தில் ‘ஃபேக்டர்’ என்பவர், பிறர் பொருட்டு அயல்மண்ணில் வாங்கி விற்கும் முகவர். அவர் தங்கிச் சரக்குகளைச் சேமித்து வைக்கும் வாணிக நிலையமே ‘ஃபேக்டரி’. போர்த்துகீசியர் ‘பெய்த்தோரியா’ என்றதும் இதனையே. கம்பெனி ஊழியரின் பதவி வரிசையும் இப்பொருளை உறுதிப்படுத்துகிறது. முதற்படியில் ‘ரைட்டர்’, அடுத்து ‘ஃபேக்டர்’, பின்னர் இளநிலை வணிகர், முதுநிலை வணிகர் என அவ்வரிசை அமைந்தது. அங்கே ‘ரைட்டர்’ நூலாசிரியர் அல்லர். கணக்கும் கடிதமும் எழுதிய எழுத்தர். சொல் அதேதான், அலுவல் வேறு.

இவ்வேறுபாட்டில் பெரியதோர் அரசியல் உண்மை அடங்கியுள்ளது. வாணிக நிலையம் அமைக்க இடந்தருதல் வேறு. நாட்டையே கொடுத்துவிடுதல் வேறு. 1819இல் மலாய் ஆட்சியாளர் அளித்தது முன்னதே. தீவின் உரிமை முழுமையாகக் கம்பெனியின் கைக்கு மாறியது, 1824 ஆகஸ்டில் குரோஃபோர்டு செய்துகொண்ட உடன்படிக்கையால்தான். ‘ஃபேக்டரி’ என்பதைத் தமிழில் ‘தொழிற்சாலை’ என்று பெயர்த்தால் இவ்விரு உடன்படிக்கைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு மறைந்துபோகும். ‘வாணிக நிலையம்’ அல்லது ‘பண்டகசாலை’ என்று பெயர்த்தால் வரலாறு தெளிவாகும். 1819இல் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை செங்கற்சூளை ஒன்றை நடத்தினார் என்பதை நாம் அறிவோம். இன்றைய பொருளில் பார்த்தால், கம்பெனியின் ‘ஃபேக்டரி’யைவிட அச்செங்கற்சூளையே தொழிற்சாலை என்ற பெயருக்கு நெருங்கி நிற்கிறது.

கட்டளையாகிய ‘ஆலோசனை’

அடுத்து, ‘ரெசிடெண்ட்’ என்னும் சொல். ஓரிடத்தில் வசிப்பவர் என்பது அதன் பொதுப்பொருள். இன்று நிரந்தரவாசத் தகுதியைப் பற்றிப் பேசும்போது அப்பொருளில்தான் வழங்குகிறோம். கம்பெனி ஆட்சியிலோ, சுதேச அரசரின் தலைநகரில் தங்கியிருந்து கம்பெனியின் நலனைக் காத்த பிரதிநிதிக்கு அது பதவிப் பெயராயிற்று. ஐதராபாத்திலும் தஞ்சாவூரிலும் அத்தகைய ரெசிடெண்டுகள் இருந்தனர். 1819இல் சிங்கப்பூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஃபார்குவாரோ குடியேற்றத்தின் அன்றாட நிருவாகத்தையே நடத்தினார். ஆக, காலனித்துவ வழக்கிற்குள்ளேயே அச்சொல் இருவேறு அதிகாரங்களைக் குறித்தது.

இவ்விரு பொருள்களும் மோதிய களம் பேராக். 1874 சனவரி 20ஆம் நாள் கையொப்பமான பங்கோர் உடன்படிக்கை, பேராக் சுல்தானின் அவையில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஒருவர் அமர்த்தப்படுவார் என்றது. மலாய்க்காரரின் சமயமும் வழக்காறும் நீங்கலாக, ஏனைய எல்லாவற்றிலும் அவருடைய ‘அட்வைஸ்’ கேட்கப்பட வேண்டும், அதன்படி நடக்கவும் வேண்டும் என்றும் விதித்தது.

‘அட்வைஸ்’ என்பதை ‘ஆலோசனை’ என்று மொழிபெயர்ப்பது இயல்பே. ஆனால் ஆலோசனைக்கு ஓர் இலக்கணம் உண்டு. அதனைக் கேட்பவர் ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுக்க இயலாத ஆலோசனை கட்டளையே. உடன்படிக்கையின் வாசகம் மென்மையான சொல்லை எடுத்துக்கொண்டு, ‘அதன்படி நடக்கவும் வேண்டும்’ என்ற தொடரால் அதன் மென்மையை நீக்கிவிட்டது. முதல் ரெசிடெண்டான ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் அத்தொடரின் முழு வலிமையோடு செயற்பட்டார். வரி தண்டும் உரிமை பெருமக்களின் கையிலிருந்து நழுவியது. 1875 நவம்பர் 2ஆம் நாள், அதிகார மாற்றத்தை அறிவிக்கும் சுவரொட்டிகளை ஒட்டச் சென்ற பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார். மகாராஜா லேலா 1877இல் தூக்கிலிடப்பட்டார். சுல்தான் அப்துல்லா சீசெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்.

‘ரெசிடெண்ட் சுல்தானுக்கு ஆலோசனை வழங்கினார், அதனால் கொல்லப்பட்டார்’ என்று ஒரு மாணவர் விடை எழுதினால், படிப்பவருக்கு ஓர் ஐயம் எழும்: ஆலோசனை சொன்னவரைக் கொல்வானேன்? அவ்வாறு எழுதிய மாணவர் பாடத்தைப் படிக்காதவர் அல்லர். அவரைத் தடுமாறச் செய்தது ஒரு சொல். ‘ஆலோசனை என்ற பெயரால் கட்டுப்படுத்தும் அதிகாரம்’ என்று ஆசிரியர் விளக்கிவிட்டால், பேராக்கில் நிகழ்ந்ததன் காரண காரியத் தொடர் தானே புலப்படும்.

ஊதியம் ஆளாகிய கதை

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்று பொருள் மாறிய சொற்களும் உள்ளன. அவற்றுள் நம் நெஞ்சைத் தைப்பது ‘கூலி’. ஆங்கிலத்தின் ‘கூலி’க்கு மூலம் எது என்பதில் அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. குஜராத்துப் பகுதியின் ‘கோலி’ என்னும் மக்களின் பெயரைச் சிலர் காட்டுவர். தமிழ்ச் சொல்லைச் சிலர் காட்டுவர். இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உளர்.

எதுவாயினும், தமிழில் கூலி என்பது மனிதரைக் குறிக்கும் சொல் அன்று. உழைப்பிற்கு ஈடாகப் பெறுவது கூலி. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அச்சொல், முயற்சிக்குக் கிட்டும் பயனாக உயர்ந்த இடத்தில் நிற்கிறது. உழைப்பவரைச் சுட்ட வேண்டுமாயின் ‘கூலியாள்’ என்று ‘ஆள்’ சேர்ப்பதே தமிழ் மரபு. காலனித்துவ ஆங்கிலத்தில் அந்த ‘ஆள்’ மறைந்துவிட்டார். பெற்ற ஊதியமே பெற்றவரின் பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழரையும் சீனரையும் ஒரே பெயரால் அழைக்கும் அளவிற்கு அச்சொல் விரிந்தது. சீனர் அதே ஒலியைக் ‘கசப்பான உழைப்பு’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதிக்கொண்டனர். இறுதியில் அது ஏளனச் சொல்லாகி நம்மவர் செவிக்கே திரும்பி வந்தது. நம் முன்னோரை ஆவணங்கள் ‘கூலிகள்’ என்று குறிக்கும்போது, அது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அன்று என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் நம் கடமையாகும்.

‘கங்காணி’யின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கண்காணித்தல் என்ற வினையிலிருந்து பிறந்த ‘கண்காணி’, மேற்பார்வையாளரைக் குறிப்பது. மலாயாவில் அவர் வேலையை மேற்பார்ப்பதோடு நில்லாமல், உரிமம் பெற்றுத் தம் ஊருக்குச் சென்று ஆள் திரட்டி வருபவராகவும் ஆனார். ஆங்கில ஆவணங்களில் ‘கங்காணி முறை’ என்பது குடிபெயர்வின் ஒரு வகைக்கே பெயராயிற்று. 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்ட பின்னர் கங்காணி முறை மேலோங்கியது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது நீடித்தது.

இவ்வாறு வந்தோரை ஆவணங்கள் ‘ஃப்ரீ’ தொழிலாளர் என்கின்றன. இங்கே அச்சொல் ஒப்பந்தப் பிணைப்பு இல்லாதவர் என்று மட்டுமே பொருள்படும். அவர்களுடைய கப்பற் பயணமும் ‘ஃப்ரீ’ எனப்பட்டது. அங்கே அது கட்டணமின்மையைக் குறித்தது. 1907இல் நிறுவப்பட்ட குடிநுழைவு நிதி அச்செலவை ஏற்றது. சிங்கப்பூர் ‘ஃப்ரீ போர்ட்’ எனப்பட்டதோ சுங்க வரி இன்மையால். இம்மூன்றிடத்தும் ‘சுதந்திரம்’ என்று எழுதினால் மூன்றும் பிழையாகும்.

எஸ்டேட்டும் லயமும் பெரட்டும்

ஆங்கிலத்தின் ‘எஸ்டேட்’, அரசு என்று பொருள்படும் ‘ஸ்டேட்’ ஆகிய இரண்டும் ஒரே இலத்தீன் வேரினின்று பிறந்தவை. ‘நிலை’ என்பது அவ்வேரின் பொருள். ஒருவரின் சமூக நிலை, அந்நிலைக்கு ஆதாரமான நிலவுடைமை, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து எனப் பல கிளைகள் அதிலிருந்து பிரிந்தன. 1789இல் பிரெஞ்சு மன்னர் கூட்டிய அவையின் மூன்று ‘எஸ்டேட்’டுகள் மக்களின் மூன்று வகுப்புகள், நிலங்கள் அல்ல. இன்றைய சிங்கப்பூரில் அச்சொல் வீடமைப்புப் பேட்டையைக் குறிக்கிறது. மலேசியத் தமிழரின் பேச்சில் ‘எஸ்டேட்டு’ என்றால் இரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமுமே.

அதற்கு நாம் வழங்கும் ‘தோட்டம்’ என்ற சொல்லும் மாறியதே. தமிழகச் சிற்றூரில் தோட்டம் என்றால் கிணற்றடியில் காயும் கீரையும் விளையும் இடம். கடல் கடந்தபின் அதே சொல் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தையும், அதில் அமைந்த பள்ளி, கோயில், குடியிருப்பு ஆகியவற்றையும், அங்கு வாழ்ந்தோரின் வாழ்க்கை முழுவதையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. இங்குப் பிறந்தவர் ‘நாங்கள் தோட்டத்தில் வளர்ந்தோம்’ என்பதைத் தமிழகத்தார் வேறாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

தோட்டத்தின் மரத்திற்கும் ஒரு சொற்கதை உண்டு. ‘ரப்’ என்றால் தேய்த்தல். ‘ரப்பர்’ என்றால் தேய்ப்பது. அம்மரப்பாலிலிருந்து செய்த கட்டி, பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்கப் பயன்படும் என்பதை ஆங்கில அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் குறித்தார். அழிப்பானின் பெயரே பொருளுக்கும், பொருளின் பெயரே மரத்திற்கும் ஆயிற்று. 1877இல் அம்மரத்தின் இளங்கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் அதனை வாணிக நோக்கில் பயிரிட்டார். தொடக்கப்பள்ளி மாணவர் பென்சிற்பெட்டியில் வைத்திருக்கும் ‘ரப்பர்’, நாடறிந்த மரத்தின் பெயரைவிடப் பழமையான பொருளைத் தாங்கியுள்ளது.

‘லைன்’ என்றால் கோடு, வரிசை. பிரிட்டிஷ் இந்தியாவின் பாளையங்களில் சிப்பாய்களின் குடில்கள் வரிசையாக அமைந்தமையால் அவை ‘லைன்ஸ்’ எனப்பட்டன. தோட்டங்களில் தொழிலாளர் வீடுகளும் அவ்வாறே அமைந்து அப்பெயரையே பெற்றன. நம் மக்கள் நாவில் அது ‘லயன்’ என்றும் ‘லயம்’ என்றும் வழங்கிற்று. இசையில் லயம் இனியது. இந்த லயத்திற்கு அதனோடு எவ்வுறவும் இல்லை. விடியலில் தொழிலாளர் கூடிப் பெயர் கொடுத்த இடம் ‘பெரட்டுக் களம்’. இதில் ‘பெரட்டு’ என்பது படைவீரர் அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேடு’ அன்றி வேறில்லை. வீட்டிற்கும் காலை வருகைப் பதிவிற்கும் வாய்த்த பெயர்கள் இரண்டும் படை முகாமிலிருந்து வந்தவை. அவ்வாழ்க்கை எத்தகைய ஒழுங்கிற்குள் நடத்தப்பட்டது என்பதை நீண்ட அறிக்கைகளைவிட இவ்விரு சொற்கள் சுருங்க உரைக்கின்றன.

போர் எனப்படாத போர்

இறுதியாக ஒரு சொல்: ‘எமர்ஜென்சி’. இன்று மருத்துவமனையின் அவசரப் பிரிவை நினைவூட்டும் இச்சொல்லுக்கு, எதிர்பாராது தோன்றும் நிகழ்வு என்பது அடிப்படைப் பொருள். மலாயாவில் 1948 சூனில் பிரகடனம் செய்யப்பட்ட எமர்ஜென்சி 1960 சூலை 31 வரை, 12 ஆண்டுகள் நீடித்தது. இராணுவமும் வானூர்தியும் ஈடுபட்ட ஆயுதப் போராட்டத்திற்குப் ‘போர்’ என்ற பெயர் தவிர்க்கப்பட்டது. போர் என்று அறிவித்தால் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் காப்புறுதி இழப்பீட்டை இழக்க நேரும் என்ற அச்சம், அதற்குக் காரணமாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலி சூழ்ந்த ‘புதுக் கிராமங்களில்’ குடியமர்த்தப்பட்டனர். கிராமம் என்ற சொல் தரும் அமைதி அங்கில்லை. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தன. 1975இல் இந்தியாவில் அறிவிக்கப்பட்ட ‘எமர்ஜென்சி’ முற்றிலும் வேறு வகையது. இரண்டையும் தமிழில் ‘அவசரகாலம்’, ‘நெருக்கடி நிலை’ என்கிறோம். ஆண்டையும் நாட்டையும் சேர்த்துச் சொல்லாவிடில் மாணவர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வர்.

வகுப்பறையில் நாம் செய்யத்தக்கது

மேற்கண்டவற்றால் ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு சொல்லின் பொருளை அதன் காலமும் இடமும், அருகில் நிற்கும் சொற்களும் சேர்ந்தே வரையறுக்கின்றன. அவற்றோடு, அதை வழங்குபவரின் அதிகாரமும் சேர்கிறது. கூலியும் ஆலோசனையும் அதனை நமக்கு நன்கு காட்டுகின்றன.

எனவே, பழைய ஆவணம் ஒன்றைப் படிக்கும்போது, பழகிய சொல் எதிர்ப்படும் இடத்தில் சற்றே நின்று மூன்று வினாக்களை எழுப்பும் வழக்கத்தை மாணவரிடம் வளர்க்கலாம். இச்சொல்லைச் சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார்? அந்த ஆண்டில் இச்சொல் எதனைக் குறித்தது? இச்சொல்லுக்கு மாறாக வேறு எச்சொல்லை வழங்கியிருக்கலாம், ஏன் வழங்கவில்லை? மூன்றாம் வினாவே பெரும்பாலும் வரலாற்றின் உள்ளே நம்மை அழைத்துச் செல்லும். ‘போர்’ என்று ஏன் சொல்லவில்லை, ‘கட்டளை’ என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டவுடன் ஆவணம் பேசத் தொடங்குகிறது.

மொழிபெயர்ப்பிலும் இதே கவனம் வேண்டும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லை என்றென்றைக்குமாக நிலைநிறுத்திக்கொள்வது எளிது; ஆயின் பிழைக்கு வழி. இடமறிந்து ‘வாணிக நிலையம்’ என்றும் ‘தொழிற்சாலை’ என்றும் பிரித்து எழுதும் வளம் தமிழுக்கு உண்டு. அவ்வளத்தைப் பயன்படுத்துவதற்கு வேண்டியது, எழுதுமுன் சிறிது நேரம் எண்ணிப் பார்க்கும் பொறுமையே.

நம் மூத்தோர் பலர் ஆங்கிலம் படித்தவர் அல்லர். ஆயினும் லைனை லயமாக்கியும் பரேடைப் பெரட்டாக்கியும் அவர்கள் தம் வாழ்க்கையைத் தாமே பெயரிட்டு வைத்துச் சென்றனர். தோட்டங்கள் குறைந்துவரும் இந்நாளில் அச்சொற்களை அறிந்தோரும் குறைந்து வருகின்றனர். நம் இல்லங்களில் இன்னும் அவற்றை வழங்கும் பாட்டன் பாட்டியரிடம் மாணவர் சென்று கேட்டு, சொல்லையும் அதன் பொருளையும் அவர்கள் சொன்னவாறே குறித்து வைப்பாராயின், எந்த ஆங்கில ஆவணத்திலும் இல்லாத ஓர் அகராதி நம்மிடம் உருவாகும்.